கிருமி உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டு எதற்கு?

நூறு மில்லி சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரில், ஏறக்குறைய 7 கிராம் புரதம் இருக்கும். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரில் அதே நூறு மில்லிக்கு 15 முதல் 45 மில்லிகிராம்தான் இருக்கும். இருநூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனை ஆய்வகத்தில் உயிர்வேதியியல் மேசையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஒரே மனிதரின் ரத்தமும் முதுகு நீரும் அடுத்தடுத்த குழாய்களில் வந்து நிற்கும்போது இந்த வித்தியாசம் எனக்கு இன்றும் பெரிய அதிசயம். ஏனென்றால் அந்த நீர் ரத்தத்திலிருந்துதான் உருவாகிறது. மூளைக்குள் இருக்கும் அறைகளில் ஒரு திசு அதை இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டர். எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது 150 மில்லிதான் என்பதால், ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் பழைய நீர் வெளியேறிப் புது நீர் நிரம்புகிறது. இத்தனை நடந்தும் ரத்தத்தின் புரதங்கள் பெரும்பாலும் உள்ளே வருவதில்லை. வரவிடாமல் ஒரு தடுப்பு இருக்கிறது.

அந்தத் தடுப்பு கெட்டால் அதன் கணக்கு எங்கள் மேசைக்கு வந்துவிடும். புரதம் 200, 300 என்று ஏறும். சர்க்கரை இறங்கும். ஒரு மைக்ரோலிட்டருக்கு ஐந்துக்கு மேல் இருக்கக்கூடாத வெள்ளணுக்கள் நூற்றுக்கணக்கில் தெரியும். சில மாதிரிகளைக் குழாயோடு அசைக்காமல் ஓர் இரவு வைத்திருந்தால், மேலிருந்து கீழாக மெல்லிய இழைகள் சிலந்தி வலை போலத் தொங்கும். காசநோய்க் கிருமி மூளை உறைகளைத் தாக்கியிருக்கலாம் என்று சந்தேகப்பட வைக்கும் பழைய அடையாளம் அது. அந்த இழை ஃபைப்ரின், ரத்தம் உறைவதற்கான புரதம். நல்ல நிலையில் இருக்கும் மூளை நீரில் அதற்கு வேலையே கிடையாது. அது அங்கே இருக்கிறது என்றால் தடுப்பில் பெரிய ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள்.

என் சித்தப்பா மகளுக்கு இந்த நோய், காசநோய் மூளைக்காய்ச்சல், வந்தது. அவளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடத் தொடங்கியதும் சித்தப்பா என்னிடம் கேட்டார்: “ஏம்ப்பா, ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும்னுதானே சொல்றாங்க? கிருமி உள்ளே இருக்கும்போது அதை எதுக்குப் போடுறாங்க?” மருத்துவம் படிக்காத ஒருவர் கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்வி இது. வார்டு வாசலில் நின்றபடி சுருக்கமாக ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலை முழுதாகச் சொல்ல நூறு வருடக் கதையைச் சொல்ல வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தடுப்பு இருப்பதே தற்செயலாகத்தான் வெளியே தெரிந்தது. ஜெர்மனியில் பால் எர்லிக் 1885 வாக்கில் விலங்குகளின் ரத்தத்தில் சாயங்களைச் செலுத்திப் பார்த்தார். ஈரல், சிறுநீரகம், தசை எல்லாம் நிறம் ஏறின, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைத் திசு சாயத்தைப் பிடிக்காது போல என்று அவர் விட்டுவிட்டார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மான் 1913இல் அதே வகைச் சாயத்தை மூளை நீருக்குள் நேராகச் செலுத்தினார். இப்போது மூளை நீலமாகியது, உடம்பின் மற்ற பகுதிகள் வெளுப்பாகவே இருந்தன. ஆக மூளைக்குச் சாயம் பிடிக்கும், இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று தடுக்கிறது. அது என்ன என்று கண்ணால் பார்க்க 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரீஸ், கார்னோவ்ஸ்கி என்ற இருவர் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் எலியின் மூளைத் தந்துகிகளைப் பார்த்தார்கள். மற்ற இடங்களில் ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். மூளையில் அந்தச் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கி ஒட்டியிருந்தன. ரத்தத்தில் அவர்கள் செலுத்திய ஒரு நொதி அந்த ஒட்டு வரை வந்து அங்கேயே நின்றுபோனது.

அந்த ஒட்டில் கிளாடின்-5 என்று ஒரு புரதம் இருக்கிறது. அது இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிக்குட்டிகள் பிறந்த அன்றே இறந்துவிட்டன என்று 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவற்றின் ரத்தக் குழாய்கள் பார்க்க ஒழுங்காகவே இருந்தன. சின்ன மூலக்கூறுகள் மட்டும் உள்ளே கசிந்தன. அவ்வளவு போதுமானதாக இருந்தது.

ஆனால் இதை ஒரு சுவர் என்று மட்டும் நினைத்துக்கொண்டால் பாதிதான் விளங்கும். மூளை உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, செலவழிக்கும் ஆக்சிஜனோ ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு நொடிக்கு நொடி சர்க்கரை வேண்டும், அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றுக்கென்று தனித்தனி வாசல்களாக வேலை செய்யும் புரதங்கள் அந்தச் சுவரில் பதிந்திருக்கின்றன. பார்க்கின்சன் நோயாளிக்கு, அவர் மூளையில் குறைந்துபோன டோபமைனைக் கொடுத்தால் மூளைக்குள் போகாது. லெவோடோபாவாகக் கொடுத்தால் அமினோ அமில வாசல் வழியாக உள்ளே போய் அங்கே டோபமைனாக மாறும். உள்ளே நுழைந்துவிட்ட பொருளைப் பிடித்து மறுபடி ரத்தத்துக்கே தள்ளும் பம்புகளும் உண்டு. அரிப்புக்கு அவில் போட்டால் கண்ணைச் சொக்குகிறது, ஃபெக்ஸோஃபெனடின் போட்டால் தூக்கம் வருவதில்லை. இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் மருந்துகள். முதலாவது தடுப்பைத் தாண்டி மூளைக்குள் போகிறது, இரண்டாவதை அந்தப் பம்புகள் வெளியே தள்ளிவிடுகின்றன. ஒவ்வொரு வீட்டு மருந்து டப்பாவிலும் இந்தத் தடுப்புக்குச் சாட்சி கிடக்கிறது.

சரி, காசநோய்க்கு வருவோம்.

நம் ஊரில் டிபி என்றால் நுரையீரல், இருமல், சளி என்றுதான் நினைவு ஓடும். ஆனால் நுரையீரலில் கிருமி முதன்முதலாகக் குடியேறும்போதே கொஞ்சம் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் சிதறும். அவற்றில் சில மூளையின் மேற்பரப்பிலோ உறையிலோ தங்கிவிடும். உடம்பு அதைச் சுற்றிச் செல்களை அடுக்கிச் சின்ன முடிச்சாகக் கட்டிவைத்துவிடும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அது அப்படியே கிடக்கும். ஆர்னால்ட் ரிச், ஹோவர்ட் மெக்கார்டாக் என்ற இரு அமெரிக்க நோயியலாளர்கள் 1933இல் எழுதியது இதைத்தான். இந்த நோயில் இறந்தவர்களின் மூளைகளை வரிசையாக ஆராய்ந்து, பெரும்பாலானவற்றில் இப்படிப்பட்ட பழைய முடிச்சு ஒன்று மூளை நீருக்குள் உடைந்து திறந்திருப்பதைக் கண்டார்கள். முடிச்சு உடையும் அன்றுதான் நோய் தொடங்குகிறது.

தொடங்கும் விதம்தான் இதில் கொடுமை. சாதாரண மூளைக்காய்ச்சல் ஓரிரு நாளில் ஆளைப் படுக்க வைத்துவிடும். இது மெதுவாக வரும். என் தங்கைக்கு முதலில் தலைவலி, சாயங்காலம் லேசாகக் காய்ச்சல், சாப்பாடு பிடிக்கவில்லை. கல்லூரித் தேர்வு நேரம் என்பதால் படிப்புச் சுமை என்றார்கள். ஒரு கிளினிக்கில் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார்கள். கண் பவர் கூடியிருக்கும் என்று கண்ணாடியும் மாற்றியாகிவிட்டது. பிறகு ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது என்று சொன்னாள். ஒரு கண் உள்பக்கமாக இழுத்துக்கொண்டது. மூளையின் அடிப்பகுதியில் ஓடும் ஆறாவது நரம்பு நசுங்கினால் அப்படி ஆகும். அதற்குப் பிறகுதான் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை, இந்த நோய் எல்லா ஊரிலும் இப்படித்தான் எல்லாரையும் ஏய்க்கிறது. ஆனால் முதல் கட்டத்தில், நினைவு தெளிவாக இருக்கும்போது சிகிச்சை தொடங்கியவர்களுக்கும், மயங்கிய பிறகு தொடங்கியவர்களுக்கும் முடிவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. அதனால்தான் வாரக்கணக்கில் விடாத தலைவலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் எனக்கு வயிறு கலங்கும்.

முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்றதும் சித்தி அழுதுவிட்டார். “தம்பி, முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடுமாமே, பக்கத்து பெட்காரங்க சொல்றாங்க.” இந்தப் பயத்தை வாரந்தோறும் பார்க்கிறேன். கையெழுத்துப் போட மறுத்து ஒரு நாள், இரண்டு நாள் என்று இழுப்பார்கள். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதல் அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் அல்லது நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இறங்குகிறது. அங்கே தண்டுவடம் கிடையாது, நீரில் மிதக்கும் நரம்பு நார்கள்தான் உண்டு. மண்டைக்குள் பெரிய கட்டியோ அபாயமான அழுத்தமோ இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வார்கள். ஊசிக்குப் பிறகு சிலருக்குத் தலைவலி வரும், சில நாளில் போகும். கால் போவது நோயால்தான். தண்டுவடத்து உறைகளிலும் இதே அழற்சி பரவலாம். ஊசி போட்ட நாளும் கால் தளர்ந்த நாளும் பக்கத்தில் பக்கத்தில் விழும்போது பழி ஊசியின் மேல் விழுகிறது. சித்தியிடம் இதைப் படம் வரைந்து காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

ஒரு வேண்டுகோளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இளம் மருத்துவர்கள் யாராவது படித்தால் உதவும். டிபி சந்தேகம் இருந்தால் எங்களுக்கு ஒரு மில்லி அனுப்பாதீர்கள். இந்த நீரில் கிருமிகள் மிகக் குறைவு, 6 மில்லிக்குக் குறையாமல் கிடைத்தால்தான் சுழற்றிப் படியவைத்துத் தேட முடியும். கண்ணாடித் தகட்டில் அரை மணி நேரம் பொறுமையாகத் தேட வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை வந்த பிறகு வேலை எளிதாகியிருக்கிறது, ஆனாலும் அதில் ‘இல்லை’ என்று வந்தால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே நேரத்து ரத்தச் சர்க்கரையையும் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாமல் மூளை நீர்ச் சர்க்கரையை மட்டும் வைத்து என்ன சொல்ல?

மருந்து தயாராக இருந்தும் உள்ளே போகாத கொடுமை பற்றிப் பேசும்போது லீனா ஸ்டெர்னை விட்டுவிட முடியாது. ரஷ்யப் பேரரசில் 1878இல் பிறந்த யூதப் பெண். ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் 1918இல் பேராசிரியரானார், அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். இந்தத் தடுப்பை வருடக்கணக்கில் ஆராய்ந்து, 1921இல் அதற்கு இன்று உலகம் வழங்கும் ‘ரத்த-மூளைத் தடுப்பு’ என்ற பெயரை நிலைநாட்டினார். அவர் அதைக் கதவடைப்பாகப் பார்க்கவில்லை. மூளைக்கு வேண்டிய உள்சூழலைக் காத்துக் கொடுக்கும் ஓர் உறுப்பாகப் பார்த்தார். 1925இல் மாஸ்கோவுக்குப் போனார், 1939இல் சோவியத் அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினரான முதல் பெண் ஆனார்.

அதற்குப் பிறகு 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பு காசநோய் மூளைக்காய்ச்சல் வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே இறந்தார்கள். மருந்து வந்தும் ஒரு சிக்கல்: தசையில் போட்டால் நுரையீரலுக்குப் போகிறது, மூளைக்குப் போதுமான அளவில் போவதில்லை. தடுப்பைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்த ஸ்டெர்னுக்கு வழியும் தெரிந்தது. மருந்தை மூளை நீருக்குள் நேராகச் செலுத்துவது. அமெரிக்காவில் இருந்த சகோதரர் வழியாக ஸ்ட்ரெப்டோமைசினை வரவழைத்துக் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தார். சாவு உறுதி என்றிருந்த குழந்தைகள் பிழைத்தார்கள். 1949 ஜனவரியில், ஸ்டாலின் அரசு அவரைக் கைது செய்தது. யூதர்களின் பாசிச எதிர்ப்புக் குழுவின் உறுப்பினர்கள் மீதான ரகசிய வழக்கு அது. 1952 ஆகஸ்ட் 12 அன்று பதின்மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தண்டனை பெற்றவர்களில் உயிரோடு விடப்பட்டவர் எழுபது வயதைத் தாண்டிய ஸ்டெர்ன் ஒருவர்தான். கஜகஸ்தானுக்கு நாடு கடத்தினார்கள், ஸ்டாலின் இறந்த பிறகு திரும்பி வந்து 1968 வரை வாழ்ந்தார். முதுகு நீர்க் குழாய்களைக் கையாளும் என்னைப் போன்றவர்களுக்கு அவர் முன்னோடி. எங்கள் பாடத்தில் அவர் பெயர் ஒரு வரிகூட வரவில்லை என்பது எனக்கு மனக்குறை.

அவர் மீது வழக்கு நடந்த அதே 1952இல் ஐசோநயசிட் வந்தது. சின்ன மூலக்கூறு, தடுப்பைச் சுலபமாகக் கடக்கிறது. பைரசினமைடும் அப்படியே. ரிஃபாம்பிசின் கொஞ்சமாகத்தான் கடக்கிறது. நோயாளிக்குக் கொடுக்கும் நான்கு மருந்துகளும் மாத்திரை அட்டையில் சமமாகத் தெரிந்தாலும் மூளைக்குள் அவற்றின் பலம் சமமாக இல்லை. அதிலும் ஒரு சிக்கல். நோய் உக்கிரமாக இருக்கும்போது தடுப்பு ஓட்டையாக இருப்பதால், வழக்கமாக நுழையாத ஸ்ட்ரெப்டோமைசின்கூடக் கொஞ்சம் நுழையும். நோய் தணியத் தணிய தடுப்பு மூடிக்கொள்ளும், அந்த மருந்து உள்ளே போவதும் குறையும். சிகிச்சையை ஒரு வருடம் வரை நீட்டுவதற்கான காரணங்களில் மூளைக்குள் மருந்து போய்ச் சேர்வதில் இருக்கும் இந்தச் சங்கடமும் ஒன்று.

இப்போது சித்தப்பாவின் கேள்வி.

காசநோய்க் கிருமி தன்னளவில் கடும் விஷம் எதையும் கக்குவதில்லை. மூளையில் நடக்கும் அழிவின் பெரும்பகுதி அதை எதிர்த்து உடம்பு நடத்தும் போரால் வருகிறது. முடிச்சு உடைந்ததும் வெள்ளணுக்கள் குவிகின்றன. ரத்தக் குழாய்களின் ஒட்டுகளைத் தளர்த்தும் ரசாயனங்களைச் சுரக்கின்றன. தடுப்பு திறக்கிறது, புரதமும் நீரும் இன்னும் அதிக வெள்ளணுக்களும் உள்ளே கொட்டுகின்றன. மூளையின் அடிப்பக்கம் தடித்த படிவு சேர்கிறது. கண்ணுக்கும் முகத்துக்கும் போகும் நரம்புகள் அந்தப் படிவுக்குள் புதைகின்றன. மூளைக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய தமனிகளும் அதே வழியில்தான் போகின்றன. அவற்றின் சுவர் வீங்கி அடைபட்டால் இருபது வயதில் பக்கவாதம் வரும். நீர் வெளியேறும் பாதை அடைபட்டால் மூளைக்குள் நீர் தேங்கும், குழாய் வைத்து வயிற்றுக்கு வடிக்க வேண்டியிருக்கும். கையில் இதே அளவு வீக்கம் வந்தால் வலிக்கும், பிறகு வற்றும். மண்டையோட்டுக்குள் வீங்க இடம் இல்லை, செத்த நரம்பு செல்லுக்குப் பதில் புதுச் செல் வருவதும் அநேகமாக இல்லை. அதனால்தான் கிருமியைக் கொல்லும் மருந்தோடு போரின் வேகத்தைக் குறைக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

இது வெறும் ஊகம் இல்லை. வியட்நாமில் இந்த நோய் வந்த 545 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, எல்லாருக்கும் டிபி மருந்து கொடுத்து, ஒரு பாதிக்கு மட்டும் டெக்ஸாமெத்தசோன் சேர்த்துப் பார்த்தார்கள். 2004 அக்டோபரில் முடிவு வெளியானது. ஒன்பது மாதத்தில் ஸ்டீராய்டு இல்லாதவர்களில் நூற்றுக்கு 41 பேர் இறந்திருந்தார்கள், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 32 பேர். ஊனத்தை அது தெளிவாகக் குறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்புறம் அதே நாட்டில் 817 பேரிடம் கிருமிக்கொல்லியைக் கூட்டிப் பார்த்தார்கள்: ரிஃபாம்பிசின் அளவை உயர்த்தி லெவோஃப்ளாக்சசினும் சேர்த்தார்கள். 2016இல் வந்த முடிவில் உயிர் பிழைத்தவர்கள் கூடவில்லை. இந்த இரண்டு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெளிவாகிறது.

ஆனால் ஸ்டீராய்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை. எச்ஐவி உள்ள 520 பேரிடம் வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் நடந்த ஆய்வில், 2023இல், தெளிவான பலன் தெரியவில்லை. லலிதா ராமகிருஷ்ணன் குழுவின் வேலை இந்த இடத்தில் எனக்கு மிகப் பிடித்தது. சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை அவர். ஜீப்ரா மீன் குஞ்சுகளின் உடம்பு கண்ணாடியாகத் தெரியும் என்பதால், உள்ளே கிருமியும் வெள்ளணுவும் மோதுவதை நேரில் பார்க்கலாம். அழற்சியைக் கூட்டக் குறைக்கச் செய்யும் ஒரு மரபணுவில் மாற்றம் இருந்த மீன்களில், அழற்சி குறைந்தவையும் கிருமியிடம் தோற்றன, கூடியவையும் தோற்றன. வியட்நாம் நோயாளிகளில் அதே மரபணுவைப் பார்த்தபோது, அழற்சியைக் கூட்டும் வகை உள்ளவர்களுக்குத்தான் ஸ்டீராய்டு உதவியதாக 2012இல் தெரிந்தது. அந்த மரபணுச் சோதனை நம் வார்டுகளில் வழக்கத்துக்கு வரவில்லை. ஆனாலும் ‘எதிர்ப்பு சக்தி கூடினால் நல்லது’ என்று கொரோனா காலத்திலிருந்து தெருவெங்கும் விற்கப்படும் நம்பிக்கையை அந்தக் குட்டி மீன்கள் உடைத்துவிட்டதாகவே நினைக்கிறேன். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு.

குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பாடம் இருக்கிறது, அதே 2004இல் தொடங்கியது. மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்ற நோயில், உடம்பின் சொந்த வெள்ளணுக்களே தடுப்பைத் தாண்டி உள்ளே போய் நரம்பு நார்களின் உறையைச் சிதைக்கின்றன. ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள அந்த அணுக்கள் பயன்படுத்தும் ஒரு புரதத்தை மூடிவிட்டால் அவை உள்ளே போகாது என்பது யோசனை. நடாலிசுமாப் என்ற மருந்து அப்படித்தான் வேலை செய்கிறது, மிக நன்றாகவே. அமெரிக்காவில் 2004 நவம்பரில் அனுமதி கிடைத்தது. 2005 பிப்ரவரி முடிவதற்குள் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. அதைப் பெற்றவர்களில் மூன்று பேருக்கு மூளையில் ஜேசி வைரஸ் தலைதூக்கியிருந்தது, இருவர் இறந்துவிட்டார்கள். வளர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் உடம்பில் இந்த வைரஸ் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறது. தொந்தரவு இல்லாததற்குக் காரணம், வெள்ளணுக்கள் மூளைக்குள் அவ்வப்போது ரோந்து போய் வருவது. ரோந்தை முழுக்க நிறுத்தியதும் வைரஸ் வெளியே வந்தது. 2006இல் கடும் கண்காணிப்போடு அந்த மருந்து திரும்ப வந்தது, இன்று வைரஸுக்கான ரத்தப் பரிசோதனை செய்துதான் கொடுக்கிறார்கள்.

எதிர்ப்பு மண்டலம் மூளைக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை என்றுதான் நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பீட்டர் மெடவர் 1948இல் முயலின் மூளையில் இன்னொரு முயலின் தோலை ஒட்டவைத்தபோது உடம்பு அதை உடனே நிராகரிக்கவில்லை. அங்கிருந்து வளர்ந்த எண்ணம் அது. மூளைக்கு நிணநீர்க் குழாயே கிடையாது என்றும் சொன்னார்கள். 2015இல் வர்ஜீனியாவிலும் ஹெல்சிங்கியிலும் இரண்டு குழுக்கள் எலியின் மூளை உறைகளில் அந்தக் குழாய்களைக் காட்டின. இத்தாலியரான மஸ்காஞி 1787இலேயே அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார், யாரும் நம்பவில்லை. மூளையின் கழிவு அந்த வழியாகக் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கு வந்து சேர்கிறது, அங்கே வெள்ளணுக்கள் அதைப் பரிசோதிக்கின்றன. மூளைக்குள்ளேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் கருவின் ஆரம்ப நாட்களில் மஞ்சள்கருப் பையிலிருந்து வந்து குடியேறியவை. சும்மா இருக்கும்போதும் அவை தங்கள் கிளைகளை நீட்டிச் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டே இருக்கின்றன.

வெளியில் நடப்பதும் மூளைக்குத் தெரியாமல் இல்லை. சாதாரண காய்ச்சலில்கூடச் சாப்பாடு கசப்பதும், யாரோடும் பேசப் பிடிக்காததும், படுத்துக்கொள்ளத் தோன்றுவதும் மூளை எடுக்கும் முடிவுகள். ரத்தத்தில் ஓடும் அழற்சிச் செய்தியை ரத்தக் குழாய்ச் சுவரே உணர்ந்து உள்பக்கம் வேறொரு ரசாயனமாகச் சொல்லி அனுப்புகிறது. கிருமி மூளைக்குள் வரத் தேவையில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள்.

பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய மிகப் பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. அதைக் கேட்டு ‘பின் எதற்குப் போடுகிறார்கள்’ என்று கேட்பவர்கள் உண்டு. குழந்தைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சலை அது கணிசமாகத் தடுக்கிறது. பிறந்த குழந்தையின் இடது தோளில் விழும் அந்தச் சின்னத் தழும்புக்கு இது ஒன்றே போதிய நியாயம்.

என் தங்கைக்கு ஸ்டீராய்டு தொடங்கி ஐந்தாவது நாள் காய்ச்சல் விட்டது. வீட்டுக்கு வந்து மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டாள். மூன்றாவது மாதம், ஸ்டீராய்டை நிறுத்திய கொஞ்ச நாளில், மறுபடி தலைவலியும் காய்ச்சலும். ஸ்கேன் எடுத்தால் முதலில் இல்லாத இடத்தில் புதுக் கட்டி. சித்தி என்னை அழைத்து, “மருந்து வேலை செய்யல தம்பி, வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?” என்றார். பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் மாத்திரையை நிறுத்திவிடுகின்றன. முதுகு நீரை மறுபடி சோதித்தார்கள். கிருமி வளரவில்லை, சர்க்கரை முதல் தடவையைவிட ஏறியிருந்தது. செத்துக்கொண்டிருக்கும் கிருமிகளின் சிதைவுகளைப் பார்த்து எதிர்ப்பு மண்டலம் மறுபடி கிளர்ந்தெழுந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். டிபி மாத்திரைகளில் எதையும் மாற்றவில்லை. ஸ்டீராய்டை மட்டும் திரும்பத் தொடங்கி, இந்த முறை மிக மெதுவாக, மாதக்கணக்கில் குறைத்தார்கள். சித்தப்பா இந்தத் தடவை எதற்கு என்று கேட்கவில்லை. எவ்வளவு நாள் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கட்டி சுருங்கியது. கண் நேரானது. நேற்றுப் படித்தது இன்று சட்டென்று நினைவுக்கு வருவதில்லை என்று இப்போதும் சொல்கிறாள், பேருந்து எண்ணைக்கூடக் கைபேசியில் எழுதிவைத்துக்கொள்கிறாள். விட்ட தேர்வுகளை இரண்டு தவணையாக எழுத விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.